மச்சான் தைத்த கோட்டு

அறுபத்தாறாம் வருஷத்தில் அர்த்தநாரி வாத்தியார் பயந்தது ஒரே ஒரு நாற்காலிக்குத்தான். அது அவருடைய மச்சான் சென்னியப்பனின் பனியன் கம்பெனியில், பண்டல் கட்டும் அறைக்குப் பக்கத்தில் கிடந்தது. கணக்கு எழுதிக்கொண்டிருந்த கிழவர் வைகாசியோடு நின்றுகொள்ளப் போகிறார். அப்புறம் அதில் தங்கச்சி புருஷன்தான் உட்கார வேண்டும் என்று மச்சான் தானாகவே முடிவு செய்து, புதுப் பிரம்பும் பின்னி வைத்துவிட்டார்.

வாத்தியாருக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்ததோ தற்காலிக வேலை. கோடை லீவோடு அதற்கும் முழுக்கு. கையில் சாக்பீஸும் எதிரே நாற்பது பையன்களும் இருந்தால் அவர் ராஜா. பின்னத்தை ஐந்து நிமிஷத்தில் மண்டையில் ஏற்றிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷன் ஆயுசு முழுக்க 'முண்டா பனியன், டஜன் பன்னிரண்டு' என்று எழுதிக்கொண்டிருப்பதா? 

மச்சான் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் ஒரு சண்டை போட்டு ஒதுங்கிவிடலாம். அவர் பாசக்காரர். கல்யாணமான நாளிலிருந்து எட்டு வருஷமாகத் தினமும் காலையில் வாத்தியார் வீட்டில்தான் அவருக்குக் காப்பி. காப்பியில் குறை சொல்வார், வாத்தியாரின் சம்பளத்தில் குறை சொல்வார், "எப்பங்க மாப்ள கம்பெனிக்கு வாறீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

இந்தச் சமயத்தில்தான் பேப்பரில் அந்த விளம்பரம் வந்தது. எத்தியோப்பியாவுக்குக் கணக்கு வாத்தியார்கள் வேண்டுமாம். அந்த நாட்டு அதிகாரிகளே சென்னைக்கு வந்து நேரில் பார்த்து எடுக்கப் போகிறார்களாம். வாத்தியார் சத்தமில்லாமல் விண்ணப்பம் போட்டார், அழைப்பும் வந்துவிட்டது. மனைவி ஞானாம்பாள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"நீங்க எங்க போனாலும் நானும் வாறனுங்க. ஆனா அண்ணங்கிட்ட நீங்களே சொல்லிருங்க."

மறுநாள் காப்பி நேரத்தில் வாத்தியார் சொல்லிவிட்டார். வீடு இரண்டாகப் போகிறது என்று எதிர்பார்த்தார். மச்சானோ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வாத்தியாரின் சட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்ல விசியந்தானுங்க மாப்ள. மெட்ராசுக்கு என்னத்தப் போட்டுட்டுப் போவீங்க?"

"கோயமுத்தூர்ல ஒரு கோட்டுத் தைக்கலாம்னு இருக்கறேனுங்க."

"கோயமுத்தூரா? ஏனுங்க, எங்கூட்டுப் புள்ளையக் கட்டுனவரு அடுத்த ஊர்க்காரன் துணியப் போட்டுட்டு வெளிநாட்டுக்காரன் முன்னால நின்னா, நான் சொந்தபந்தம், ஒறம்பரைக்குள்ள தலை காட்ட முடியுமுங்களா? கோட்டு நம்ம கம்பெனில ஆவுது."

பனியன் கம்பெனிக்காரர் வீட்டில் பெண் எடுத்தவனுக்குத் திருப்பூரில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மச்சான் கொடுக்கிற துணியை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. தீபாவளிக்கு டஜன் கணக்கில் பனியன் வரும். போட்டு மாளாமல், வகுப்பில் கரும்பலகை துடைக்கக்கூட வாத்தியார் புதுப் பனியன்தான் எடுத்துப் போவார். இப்போது கோட்டையும் அதே தலைவிதியாக ஏற்றுக்கொண்டார்.

கோட்டுக்குத் துணி என்ன தெரியுமா? கனமான பனியன் துணிதான், இரண்டு மடிப்பு. நொய்யல் கரையில் ஒரு சாயத்தொட்டியில் முக்கிக் கறுப்பாக்கியிருந்தார்கள். தைத்தது கம்பெனித் தையல்காரர் சுப்பண்ணன். பனியன் தைப்பதில் அவர் புலி. வேறு எதையும் அவர் தைத்ததே இல்லை. முதலில் தலைவழியாக மாட்டுகிற கோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார்.

"பொத்தான் வேணுமுங்களே சுப்பண்ணா" என்றார் வாத்தியார்.

"அப்படீன்னா முன்னால வெட்டோணுமுங்களே! நல்ல துணியப் போயி வெட்டறதுங்களா?" என்று மனசே இல்லாமல் கத்தரிக்கோலை எடுத்தார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கம்பெனியில் வைத்து அதைப் போட்டுப் பார்த்தபோது வாத்தியார் சொக்கிப் போனார். கோட்டு மாட்டிய மாதிரியே இல்லை, யாரோ முதுகில் தட்டிக்கொடுக்கிற மாதிரி இருந்தது. "இங்கியே இருக்கட்டுமுங்க, பொட்டி போட்டு ரயிலடிக்கே கொண்டாறேன்" என்று மச்சான் அதை வாங்கி வைத்துக்கொண்டார். அவ்வளவு அக்கறை!

வீட்டில் மற்ற ஏற்பாடுகள் அமர்க்களப்பட்டன. வெளிநாட்டில் ஸ்பூனும் முள்கரண்டியும் இல்லாமல் பருக்கை இறங்காது என்று பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் சொல்லிவிட்டார். அவர் ஒரு தடவை கொழும்புக்குப் போய் வந்தவர். வாத்தியார் இரண்டையும் வாங்கி வந்து பழகினார். இடியாப்பம் மாதிரி நூல்நூலாக இருக்கும் சந்தகை முள்கரண்டியில் அழகாகச் சுருண்டு வந்தது. பச்சைப்பயறு கடைந்ததுதான் வாய்க்குப் போகாமல் நெஞ்சுக்குப் போனது. ஞானாம்பாள் இரண்டே நாளில் பழகிக்கொண்டு, கரண்டியாலேயே அவரை மிரட்டவும் ஆரம்பித்தாள்.

சென்னைக்குப் போகும் ரயிலில், மச்சான் ரயிலடியில் கொடுத்த கோட்டைக் கசங்கக்கூடாதே என்று கொக்கியில் தொங்கவிட்டுத் தூங்கினார். காலையில் எடுத்து மாட்டினால் கோட்டு இடுப்பைத் தாண்டித் தொடைக்கு வந்திருந்தது. சித்திரை மாசத்து வெயில் வேறு. நேர்முகம் நடந்த ஹோட்டலின் வராந்தாவில் காத்திருந்த நேரத்தில் அது முழங்காலை எட்டிப் பார்த்தது. கோட்டின் கைகள் விரல் நுனியை மூடின. பக்கத்தில் இருந்த தஞ்சாவூர்க்காரர் அவருடைய கழுத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, "சார், மை கொட்டிடுத்தா?" என்று கேட்டார். வாத்தியார் கைக்குட்டையால் துடைத்தார். கைக்குட்டை கறுப்பாகிவிட்டது.

அவருக்கு அழுகை முட்டியது. திரும்பிப் போய்விடலாமா என்று எழுந்தார். எழுந்தால் கண் முன்னால் அந்தப் புதுப் பிரம்பு நாற்காலி வந்து நின்றது. அதே சமயம் உள்ளேயிருந்து பெயரையும் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே மூன்று அதிகாரிகள். நடுவில் நெட்டையாக ஒருவர். கரும்பலகையைக் காட்டி, எங்களைப் பையன்களாக நினைத்துப் பாடம் நடத்துங்கள் என்று இங்கிலீஷில் சொன்னார். வாத்தியார் எழுதினார். எழுத எழுதக் கோட்டின் கை பின்னாலேயே வந்து அத்தனையையும் அழித்துக்கொண்டு போனது. மறுபடி எழுதினார், மறுபடி அழித்தது. மூன்று பேரும் சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

 வாத்தியாருக்கு என்ன தோன்றியதோ, கோட்டைக் கழற்றினார். வெள்ளைச் சட்டை முழுக்கத் திட்டுத்திட்டாகக் கறுப்பு. அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. கோட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

"பையன்களே! நேற்றுச் சாயங்காலம் இது என் இடுப்பு வரை இருந்தது. இப்போது முழங்காலுக்கு வந்துவிட்டது. இதே வேகத்தில் போனால் எப்போது தரையைத் தொடும்?"

நெட்டை அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு நிஜமாகவே பென்சிலை எடுத்துக்கொண்டார். விகிதம், சதவீதம் எல்லாம் அந்தக் கோட்டிலேயே நடந்தது. பலகையைத் துடைக்கவும் கோட்டுதான். நேரம் முடிந்தது என்று மணி அடித்தபோது, அவர்களில் ஒருவர் பையனாகவே மாறி, கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார். வேலை அங்கேயே உறுதியாகிவிட்டது.

ஊருக்கு வந்து கதையைச் சொல்லிச் சிரித்தார் வாத்தியார். ஞானாம்பாள் சிரிக்கவில்லை. பையிலிருந்து கோட்டை எடுத்து விரித்தாள், துணியை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தாள், எச்சில் தொட்டுத் தேய்த்தும் பார்த்தாள்.

"ஏனுங்க, இது தொங்கிப் போவும்னு என்னையக் கேட்டிருந்தாக்கூடச் சொல்லீருப்பேன். இருவது வருசமாப் பனியன் ஓட்டற அண்ணனுக்கு இது தெரியாதுங்களா?"

வாத்தியாருக்கு அப்போதுதான் உறைத்தது. கணக்கில் புலியாக இருந்து என்ன பிரயோஜனம்? எட்டு வருஷத்துக் கோபமும் ஒரே மூச்சில் கிளம்பியது. கோட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கம்பெனிக்கு நடந்தார். ஞானாம்பாளும் பின்னாலேயே ஓடினாள்.

மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"மச்சான்! பனியன் துணி தொங்கும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா, தெரியாதுங்களா?"

"தெரியுமுங்க."

"சாயம் போவும்னு?"

"உப்புப் போட்டாத்தானுங்க சாயம் நிக்கும். போட வேண்டாம்னு நாந்தான் சொன்னேன்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிற ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது? வாத்தியார் கோட்டை மேஜையில் வைத்தார். "வேல கெடச்சுருச்சுங்க" என்று மட்டும் சொன்னார்.

மச்சான் பண்டலின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. தையல்காரர்கள் ஒவ்வொருவராக மெஷினை நிறுத்தினார்கள்.

"கணக்கெழுத எனக்கு ஆளா இல்லீங்க மாப்ள? ஒரு சத்தம் குடுத்தாப் பத்துப் பேரு வருவான். நீங்க இங்க உக்காந்துட்டா, புள்ள இந்த ஊரத் தாண்டிப் போவாதுன்னுதான்... அம்முணி, நீ போயிட்டா காலைல எந்திரிச்சு நான் எங்க போவேன், சொல்லு?"

ஞானாம்பாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வாத்தியாருக்கும் கண் கலங்கியது. இந்த மனுஷனிடமிருந்து தப்பித்தால் போதும் என்றுதான் அவர் எத்தியோப்பியா வரைக்கும் ஓடத் துணிந்தார். இப்போது அங்கே தினமும் காலையில் குறை சொல்ல யார் வருவார்கள் என்று அவருக்கே ஏக்கமாக இருந்தது.

மச்சான் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு எழுந்து வந்து, தையல்காரர்களுக்குக் கேட்காதபடி, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஏனுங்க மாப்ள, அந்த ஊர்ல எனக்கு ஏதாச்சும் ஒரு வேல கெடைக்குமுங்களா?"