கன்னத்தின் உள்பக்கம்

அந்த மார்ச் மாதச் செய்முறைத் தேர்வுக்கு வெளிக்கல்லூரியிலிருந்து வந்த மேடம், கன்னத்துச் செல்லையும் மைக்ராஸ்கோப்பில் வைக்கச் சொன்னார். மாணவர்கள் பார்த்து, அமைப்பையும் பணியையும் எழுத வேண்டும். நாங்கள் செய்து வைத்திருந்த ஸ்லைடுகள் அவருக்குப் பிடிக்கவில்லை. செல்கள் மடங்கிக் கிடந்தன.

"சாரே, உம்ம மேசைக்குள்ள ஒண்ணு பத்திரமா வச்சிருக்கீரே, அத எடும்" என்றார் ஆய்வக உதவியாளர் ஏசுஅடிமை. அது யாருடையது என்று அவருக்குத் தெரியாது.

என் மனைவி ஸ்மிதாவுடையது. போன ஜூலையில் வகுப்பில் காட்டுவதற்காக அவள் கன்னத்தின் உள்பக்கத்தை ஐஸ் குச்சியால் வழித்தெடுத்தேன். "எனக்க வாயத்தான் உங்க பிள்ளையளுக்குக் காட்டணுமா? நில்லுங்க, பல்லு தேச்சிட்டு வாறேன்" என்றாள். நீலச் சாயமிட்டு, கிளிசரின் விட்டு மூடினேன். காற்றுப் புகாமல் ஓரங்களைத் தன் நகப்பூச்சால் அவளே அடைத்தாள். கோட்டாறில் வாங்கிய சிவப்பு. அக்டோபரில் டெங்குவில் இறந்துபோனாள். அவள் உடம்பில் கல்லறைக்குப் போகாதது அந்த ஸ்லைடில் இருந்தது மட்டும்தான்.

தரமாட்டேன் என்றால் காரணம் கேட்பார்கள். எடுத்து வைத்தேன். பக்கத்திலேயே நின்றேன்.

மணி அடிக்க அடிக்க மாணவர்கள் மேசை மேசையாக நகர்ந்து ஒவ்வொருவராக வந்தார்கள். ஜெஸ்பின் குனிந்தாள். பெரிய லென்சைத் திருப்பி, கண்ணை எடுக்காமலே கீழே இறக்கினாள். பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே இறக்க வேண்டும் என்று வருடம் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். ஸ்லைடின் கண்ணாடி விரியும் மெல்லிய சத்தம் கேட்டது.

"சாரே, பொட்டிப்போச்சு." முகம் அழுவதற்குத் தயாராக இருந்தது.

"வேற வச்சிருங்க சார். இன்னும் பாதிப் பேர் இருக்காங்க" என்றார் மேடம்.

புதுக் குச்சியால் என் கன்னத்தை வழித்தேன். சாயமிட்டுப் பார்த்தேன். தட்டையான செல்கள், ஒழுங்கில்லாத ஓரம், நடுவில் நீலப் புள்ளி. ஸ்மிதாவுடையதை நான் பார்க்காத நாள் குறைவு. என்றாலும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஜெஸ்பினைத் திரும்பப் பார்க்கச் சொன்னேன். அவள் எழுதுவதை நின்றபடி வாசித்தேன். "அமைப்பு: மெல்லிய, தட்டையான செல்கள். பணி: உராய்வைத் தாங்கி அடியில் உள்ளவற்றைக் காப்பது. தேய்ந்து உதிரும். அடியிலிருந்து புதியவை வரும்."

நான் சொல்லிக்கொடுத்த வரிகள். பிழை இல்லை.

ஏசுஅடிமை குப்பை வாளியோடு வந்தார். "தாரும் சாரே, கையக் கிழிச்சிரும்."

உடைந்த கண்ணாடியைத் தந்தேன். ஓரத்தில் சிவப்பு ஒட்டியிருந்த துண்டை மட்டும் தரவில்லை. அடுத்த மணி அடித்தது.