தெரியாதவங்க இடது கை

என்னை வெட்கங்கெட்டவள் என்று சொன்னால் தகும். இலோய்லோ நகரத்துப் பள்ளியில் பதினோரு வருஷமாக மூன்றாம் வகுப்புக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். பதவி உயர்வுக்காக அதிகாரி முன்னால் இரண்டு தடவை மாதிரி வகுப்பு எடுத்துக் கோட்டை விட்டேன். மூன்றாவதும் போனால் அப்புறம் கேட்கவே முடியாது.

"அடி ரோசெந்தா, பிள்ளைங்களைப் பழக்கினியா?" என்றாள் பக்கத்து வகுப்பு டீச்சர் பெர்லிதா. "தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கை. மொத்த வகுப்பும் தூக்கும். நீ வலது கையாப் பார்த்துக் கூப்பிடு. இங்க எவடி இதைச் செய்யாம பாஸானா?"

அது உண்மைதான். நானும் ஒரு வாரம் பழக்கினேன்.

பாடம் 'ஆன்' என்கிற குட்டி இங்கிலீஷ் சொல். மேசைமேல் இருக்கிற புத்தகத்துக்கும் ஆன், சுவரில் மாட்டிய படத்துக்கும் ஆன், திங்கட்கிழமைக்கும் ஆன், பஸ்ஸில் போவதற்கும் ஆன். மேற்பார்வையாளர் திமாயிசிப் அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கேள்விக்குக் கேள்வி நாற்பது கை எழும்பியது. அந்த அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

அதோடு போயிருக்கலாம். "நான் ஒண்ணு கேக்கட்டுமா கண்ணுகளா?" என்று எழுந்தார். எங்கள் ஊர் வழக்கப்படி, விரலுக்குப் பதில் உதட்டைக் குவித்து மேலே காட்டினார். கூரைப் பலகையின் அடியில் ஒரு பல்லி.

"அது பலகைக்குக் கீழதானே இருக்கு? அதுக்கும் ஏன் ஆன்னு சொல்றோம்?"

நாற்பது கையும் எழும்பியது. ஐயோ, முக்கால்வாசி இடது கை. அவர் தன் பக்கத்தில் இடது கையைத் தூக்கியிருந்த லோர்லினின் தோளைத் தொட்டார். குழந்தை எழுந்து நின்றது, என்னைப் பார்த்து முழித்தது.

"தெரியலையா? அப்புறம் ஏம்மா கை தூக்குன?"

நான்தான் தூக்கச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கணும்.

"லோர்லின்! தெரியாம கை தூக்காதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? வெட்கமா இல்ல?" என்று கத்தினேன்.

வகுப்பில் உண்மை அத்தனை பேருக்கும் தெரியும். ஒன்றாவது வாயைத் திறக்கணுமே! "சாரி டீச்சர்" என்று அவள் உட்கார்ந்தாள். "ஒட்டிக்கிட்டிருந்தா ஆன்தான், மேலயோ கீழயோ" என்று நானே பதில் சொல்லிப் பாடத்தை முடித்தேன். திமாயிசிப் அம்மா நாங்கள் வைத்த பான்சித் நூடுல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டே, "கண்டிப்பான டீச்சர், நமக்கு இப்படித்தான் வேணும்" என்று என் பதவி உயர்வுத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் லோர்லின் என்னைத் தேடி வந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"டீச்சர், என்னால உங்களுக்குக் கிடைக்காமப் போயிடுச்சா?"

"கிடைச்சிடுச்சு."

"அப்பாடா!" கை தட்டினாள். "நான் யார்கிட்டயும் சொல்லல டீச்சர். அம்மாகிட்டகூட சொல்ல மாட்டேன்."

"சமத்து" என்றேன். பாவி, அதைத்தான் சொன்னேன்.