ராஜாத்தி என்ற பாஸ்வேர்டு

1987இல் ஜொஹரா வேலை பார்த்த சென்னை இறால் ஏற்றுமதி கம்பெனியில் ஒரு கம்ப்யூட்டரும் அதோடு இணைந்த ஆறு திரைகளும் இருந்தன. ஆறு பேரின் பாஸ்வேர்டைச் சரிபார்த்து உள்ளே விடும் புரோகிராமை எழுதியவள் அவள். அவளுடைய ஊர் பழவேற்காடு. அங்கே லைட்ஹவுஸ் குப்பத்தைச் சேர்ந்த நீலமேகத்துக்கு இந்தக் கம்பெனியில் கிளார்க் வேலை வாங்கித் தந்ததும் அவள்தான். முகத்துவாரத்தில் ஆறு வயது மகள் மூழ்கிப்போன பிறகு அவர் கடலுக்குப் போவதையே விட்டிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை ஏற்றுமதிப் பட்டியல் ஒன்று அழிந்துபோயிருந்தது. அழித்தவர் நுழைந்தது நீலமேகத்தின் பெயரில்.

"எம் பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் சார் தெரியும்," என்றார் அவர்.

மேனேஜர் சொன்னதும் ஜொஹரா பாஸ்வேர்டு ஃபைலைத் திறந்தாள். ஆறு சொற்களும் அடித்தது அடித்தபடியே இருந்தன. மேனேஜர் உரக்கப் படித்தார்.

"ராஜாத்தி! யாருய்யா அது? வூட்டுக்குத் தெரியுமா?"

அறையே சிரித்தது. நீலமேகம் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார், திரும்பவே இல்லை.

அது செத்துப்போன மகளின் பெயர் என்பது அங்கே ஜொஹராவுக்கு மட்டும்தான் தெரியும். மேனேஜர் படித்ததை வேறு எவரும் படித்திருக்கலாம் என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த வாரமே இன்னொரு கிளார்க் ஒப்புக்கொண்டான். ஃபைலைத் திருட்டுத்தனமாகப் பார்த்து நுழைந்தவன், கைதவறிப் பட்டியலை அழித்திருக்கிறான்.

ஜொஹரா புரோகிராமை மாற்றி எழுதினாள். பிறகு நீலமேகத்தைத் திரும்ப அழைக்கும் கடிதத்தோடு பழவேற்காடு ஏரியைப் படகில் தாண்டிக் குப்பத்துக்குப் போனாள்.

அவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்திருந்தார். கடிதத்தைப் பிரிக்கவில்லை.

"அந்தப் பேரு இன்னும் அங்க இருக்குதாம்மா?"

"இல்லண்ணா. இனிமே யாரோட சொல்லும் அங்க இருக்காது. புரோகிராமே ஒவ்வொருத்தருக்கும் வேற வேற எழுத்தைக் கலந்து, கணக்குப் போட்டு, அடையாளமே தெரியாம மாத்தி வெச்சிடும். மறுபடி அடிக்கும்போதும் அதே கணக்கைப் போட்டு ஒத்துப்பாக்கும். அதுலேர்ந்து சொல்லைத் திருப்பி எடுக்க எழுதுன என்னாலயே முடியாது."

மீன் காயவைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி கஸ்தூரியம்மாள் எழுந்து வந்தாள்.

"இது ஒனக்கு மொதல்லயே தெரியாதா?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"தெரியும்க்கா. ஆறு பேருதானே, இது போதும்னு வுட்டுட்டேன்."

கஸ்தூரியம்மாள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். "வூட்ல அந்தப் பேர நான் சொல்லவே வுடல. தெனம் அங்க போயி எழுதிக்கினு இருந்திருக்காரு. அதையும் பாத்து சிரிச்சிட்டீங்களே."

ஜொஹரா அன்று சிரிக்கவில்லை.

நீலமேகம் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "நீ எப்ப வேணா வந்துட்டுப் போம்மா. வேல பேச்சு மட்டும் வேணாம்."

பிறகு எத்தனையோ கம்பெனிகளுக்கு ஜொஹரா புரோகிராம் எழுதினாள். எங்கேயும் யாருடைய சொல்லையும் அப்படியே வைக்கவில்லை. குப்பத்துக்கு மட்டும் அவள் மறுபடி போகவேயில்லை.