நூற்று ஐம்பத்தெட்டு கிராம்

அம்சவல்லியின் கால் அளவு சரியாக முப்பத்தேழு. அந்த ஒரே காரணத்துக்காகத்தான் தையல் லைனில் உட்கார்ந்திருந்தவளை சாம்பிள் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். ஒரகடம் போகிற சாலையில் இருந்த அந்தக் கம்பெனி வெளிநாட்டுக்கு ஷூ செய்து அனுப்பியது. பெண்கள் ஷூ என்றால் மாதிரி ஜோடியை எப்போதும் முப்பத்தேழில்தான் செய்வார்கள். அதைப் போட்டு நடந்து பார்த்து, எங்கே கடிக்கிறது, எங்கே தொளதொளக்கிறது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். மாதிரி செய்கிற மாஸ்டர் ஜெபகுமார் லைன் லைனாகப் போய் முப்பது பெண்களின் பாதத்தை அளந்துவிட்டு அவளிடம் வந்து நின்றார்.

இரண்டு வருஷம் தோல் செருப்பும் ஹீல்ஸும் போட்டு காம்பவுண்டுக்குள் நடந்தாள். தொண்ணூற்றொன்று ஜனவரியில்தான் ஓடுகிற ஷூ வந்தது. ஜெர்மனியில் இருந்த ஒரு வியாபாரி மூன்று மாதிரி கேட்டிருந்தார். நீண்ட தூரப் பந்தயம் ஓடுகிற பெண்களுக்கு மூன்றில் எது சரி என்று கம்பெனியே ஓடிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"நடந்தா இதுல ஒண்ணும் தெரியாது. உன்னால ஓட முடியுமா?" என்று ஜெபகுமார் கேட்டார்.

"ஸ்கூல்ல ஆயிரத்தி ஐந்நூறு மீட்டர் ஓடிக்கீறேன் மாஸ்டர். மாவட்டத்துல ரெண்டாவது."

"அப்புறம்?"

"அப்புறம் கல்யாணம்."

அவர் மூன்றையும் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். முதல் ஷூ இருநூற்று எழுபது கிராம், தடித்த அடிப்பாகம். இரண்டாவது இருநூற்றுப் பத்து. மூன்றாவது நூற்று ஐம்பத்தெட்டு. மேலே வெறும் வலைத்துணி, கீழே ரொட்டித்துண்டு கனத்துக்கு ஒரு சோல். கையில் வாங்கியபோது அவள் கை தானாக ஒரு விரற்கடை மேலே போயிற்று. அவ்வளவு லேசாக இருக்கும் என்று கை நினைத்திருக்கவில்லை.

காம்பவுண்டுக்குள் ஓடினால் நாலு சுற்றுக்கு மேல் தலை சுற்றியது. ஷூவை வெளியே கொண்டுபோக ஜெபகுமார் கேட் பாஸ் எழுதிக் கொடுத்தார். தன் ஊரான வடக்குப்பட்டிலிருந்து காலை ஐந்தரைக்குக் கிளம்பி ரோட்டில் ஓட ஆரம்பித்தாள். பொம்பளை தனியாக ஓடினால் பேச்சு வரும் என்று புருஷன் கன்னியப்பன் சைக்கிளில் பின்னாலேயே வந்தான். அவன் பம்புசெட் ரிப்பேர் செய்கிறவன், அதிகம் பேச மாட்டான். கடன் கொடுத்தவன் துரத்துகிற மாதிரி கீது என்று டீக்கடையில் சிரித்தார்கள். அவன் காதில் வாங்கவில்லை.

ஒரு வாரம் முதல் ஜோடி, ஒரு வாரம் இரண்டாவது, ஒரு வாரம் மூன்றாவது. முதலாவதில் கால் சேற்றில் இறங்குவதுபோல் இருந்தது. இரண்டாவதில் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து சோறு வடித்து, பஸ் ஏறி, எட்டு மணிநேரம் வேலை பார்க்க முடிந்தது. மூன்றாவதைப் போட்ட அன்று கன்னியப்பன் எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருந்தது. வல்லக்கோட்டை பிரிவு தாண்டியதும் மூச்சு வாங்கிக்கொண்டு, "கொஞ்சம் மெதுவா போயேன்" என்றான். அவளுக்குக் கேட்கவில்லை.

பிப்ரவரியில் சுங்குவார்சத்திரத்தில் பெண்களுக்கான சாலை ஓட்டம் என்று ஒரு விளையாட்டு மன்றம் நோட்டீஸ் ஒட்டியது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பத்து கிலோமீட்டர் போய், திரும்பவும் பத்து. அம்சவல்லி மாஸ்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"பார்சல் செவ்வாய்க்கிழமை போவுது," என்றார் அவர். "ஞாயித்துக்கிழமை ஓடிட்டு வா. டெஸ்ட்னு எழுதிக்கிறேன். ஆனா இருபது கிலோமீட்டருக்கு ரெண்டாவதைப் போடு. மூணாவது வேகத்துக்குச் செஞ்சது. தூரம் தாங்காதுன்னு எனக்கு ஒரு சந்தேகம் கீது."

சரி என்று தலையாட்டிவிட்டு இரண்டு ஜோடியையும் வாங்கிக்கொண்டாள்.

ஞாயிறு காலை வாசலில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கன்னியப்பன் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டே கேட்டான்.

"மாஸ்டர் எத போடச் சொன்னாரு?"

"ரெண்டாவத."

"அப்ப போடு. இன்னா யோசனை?"

"அத போட்டா நல்லா ஓடறேன். இத போட்டா..." அவள் மூன்றாவது ஜோடியைக் கையில் எடுத்தாள். "இத போட்டா நிக்கவே புடிக்கல. எப்பவாச்சும் ஒரு தபா, ஆளுங்க கூட ஓடி, எவ்ளோ வேகம் போறேன்னு பாக்கணும். செவ்வாக்கிழமைக்கு மேல இது இங்க இருக்காது."

அவன் பம்பை ஓரமாக வைத்துவிட்டு வந்து, இரண்டாவது ஜோடியை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தான்.

நாற்பத்தோரு பெண்கள். முன்னால் ஓடியவள் மெட்ராஸ் போலீஸில் வேலை பார்த்த ரத்னா, போன இரண்டு வருஷமும் ஜெயித்தவள். அம்சவல்லி மூன்றாவது கிலோமீட்டரில் அவளைப் பிடித்தாள். ஏழாவதில் தாண்டினாள். தன் காலடிச் சத்தமே அவளுக்குக் கேட்கவில்லை, எதிர்க்காற்று மட்டும் கேட்டது. பாதி வழியில் கயிறு கட்டியிருந்த இடத்தைச் சுற்றித் திரும்பியபோது ரத்னா இருபது தப்படி பின்னால் வந்துகொண்டிருந்தாள். இருபத்து மூன்று வயசில் ஒரு ரோடு முழுக்கத் தனக்கு முன்னால் காலியாகக் கிடப்பதை அன்றுதான் பார்த்தாள்.

பதினான்காவது கிலோமீட்டரில் விரல்களுக்குப் பின்னால் எரிய ஆரம்பித்தது. பிறகு ரோட்டில் இருந்த ஒவ்வொரு ஜல்லியும் தனித்தனியாகத் தெரிந்தது. ஆடுசதை கல்லாகிவிட்டது. ரத்னா பக்கத்தில் வந்து, "நொண்டாத, இடுப்பு போயிரும். மெதுவா வா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பின் இன்னும் மூன்று பேர் போனார்கள். அம்சவல்லி ஐந்தாவதாக வந்தாள். பரிசு மூன்று பேருக்குத்தான்.

கன்னியப்பன் வேப்பமர நிழலில் உட்கார வைத்து ஷூவைக் கழற்றினான். பாதத்தில் ரூபாய் அளவுக்கு இரண்டு கொப்புளம்.

"வலிக்குதா?"

"பாதி வழி வரைக்கும் நான்தான் மொதல்ல வந்தேன். பாத்தியா?"

"பாத்தேன்," என்றான் அவன்.

திங்கட்கிழமை ஜெபகுமார் ஷூவைத் திருப்பிப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். கோபப்படவில்லை. நோட்டை எடுத்து வைத்து, "சொல்லு" என்றார்.

வரும்போது பஸ்ஸில் அவள் வேறு மாதிரி யோசித்து வைத்திருந்தாள். நல்லா கீது என்று மட்டும் சொன்னால் ஜெர்மனிக்காரர் இதையே எடுத்துக்கொள்வார். ஆயிரக்கணக்கில் லைனில் வரும். வருஷம் முழுக்க முப்பத்தேழு செய்வார்கள், வருஷம் முழுக்க யாராவது போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தபோது, எங்கேயோ முகம் தெரியாத ஒருத்தி பதினான்காவது கிலோமீட்டரில் நொண்டுவது கண்ணில் வந்தது.

"பதிமூணு வரைக்கும் கால்ல எதுவும் போட்ட மாதிரியே இல்ல மாஸ்டர். அப்புறம் முன்பாதம் எரியுது, ஆடுசதை புடிச்சுக்குது. பத்து கிலோமீட்டருக்கு மேல ஓடறவங்களுக்கு இத குடுக்காதீங்க. தூரத்துக்கு ரெண்டாவதுதான்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

எழுதி முடித்துவிட்டு அவர் கேட்டார். "உனக்கு எது புடிச்சுது?"

"அத எழுதுவீங்களா?"

"எழுத மாட்டேன்."

"அப்ப வுடுங்க மாஸ்டர்."

ஓடிய ஷூவை அறுத்து உள்ளே பார்ப்பது வழக்கம். ஒரு ஷூவைப் பார்சலுக்கு ஒதுக்கிவிட்டு, மற்றதை ரம்பத்தில் வைத்து நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தார். முன்பாதம் பட்ட இடத்தில் சோல் அட்டை மாதிரி அமுங்கிப் போயிருந்தது. அவர் விரலால் காட்டினார். அம்சவல்லி பார்த்துவிட்டு லைனுக்குத் திரும்பிப் போனாள்.

ஏப்ரலில் இரண்டாவது மாதிரிக்கு ஆர்டர் வந்தது. தையல் சரிபார்க்கிற வேலை அவளுக்கு. நாளைக்கு நானூறு ஜோடி கையில் ஏறி இறங்கியது. எல்லாம் நல்ல ஷூ. அவ்வப்போது ஒன்றை மட்டும் தேவைக்கு மேல் கொஞ்சநேரம் உள்ளங்கையில் வைத்திருப்பாள்.

ஆகஸ்டில் காஞ்சிபுரத்தில் பத்து கிலோமீட்டர் ஓட்டம் என்று தெரிந்ததும் மாஸ்டரிடம் போனாள். மூன்றாவது மாதிரியின் அளவுத்தாள் இருந்தால் ஒரே ஒரு ஜோடி, கழிவுத்துணியில் செய்து கொடுத்தால் போதும் என்றாள்.

"தாள் எல்லாம் அவங்களோடது அம்சவல்லி. பார்சலோட போயிருச்சு." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இருந்தா உனக்குச் செஞ்சிருப்பேன்."

கடையில் வாங்கிய வெள்ளைக் கான்வாஸ் ஷூவோடு ஓடினாள். ரத்னா முதலாவது, இவள் இரண்டாவது. முடிந்தபின் ரத்னா தண்ணீர் குடித்துக்கொண்டே இவள் காலைப் பார்த்தாள்.

"அன்னிக்குப் போட்டிருந்தியே, அது எங்க? இந்தத் தூரத்துக்கு அதுதான சரி. அத போட்டிருந்தா நான் இன்னிக்கு உன் பின்னாடிதான் வந்திருப்பேன்."

"அது கம்பெனியோடதுக்கா," என்றாள் அம்சவல்லி.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. கன்னியப்பன் வெள்ளிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்தது எங்கே என்று கேட்டான்.

"வேலூர்ல கீதாம். நவம்பர்ல."

"போலாம்," என்றான்.

பஸ் வேகம் எடுத்தது. வெளியே ரோட்டோரத்து வெள்ளைக் கற்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவில் எத்தனை தப்படி என்று அவள் எண்ணிக்கொண்டே வந்தாள்.