கம்பி போட்ட கோல்

மருமகனின் வலது கையை நினைத்துக்கொண்டேதான் டெல்ஃபினா அருடா அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தூண்டில் கோல்களைத் தேர்ந்தெடுத்தாள். பெரிய கை. மூன்று வாரத்துக்கு முன்னால் அது அவள் மகள் இனேஸின் தாடையை இரண்டு இடத்தில் உடைத்திருந்தது. ஆஸ்பத்திரியில் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அன்றிலிருந்து இனேஸ் சூப்பை உறிஞ்சுகுழலில் குடித்தாள். பல்லைக் கடித்தபடி பேசினாள், பெரும்பாலும் பேசவே இல்லை. வாந்தி வந்தால் மூச்சு முட்டிப் போகும், உடனே வெட்டிவிட வேண்டும் என்று சொல்லிச் சின்னதாக ஒரு கம்பி வெட்டும் குறடையும் கொடுத்திருந்தார்கள். அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தாள், மற்ற பெண்கள் சிலுவை மாட்டுகிற இடத்தில்.

போலீஸில் கொடுத்த புகாரை அவளே திரும்ப வாங்கிவிட்டாள். இது இரண்டாவது தடவை. நேற்று மருமகன் கோல்பி ஸ்லோகம் பூங்கொத்தோடு டெல்ஃபினாவின் வாசலில் வந்து நின்றான். ஆறடிக்கு மேல் உயரம், சிரித்தால் தேன் ஒழுகும். திங்கட்கிழமை பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறானாம். அதற்கு முன்னால், சமாதானத்துக்கு அடையாளமாக, மாமியார் தன் படகில் அவனை ஸ்ட்ரைப்பர் மீன் பிடிக்கக் கூட்டிப்போக வேண்டுமாம். என்ன தாராள மனசு!

டெல்ஃபினா சரி என்றாள். வெஸ்ட்போர்ட் துறையில் முப்பது வருஷமாக வாடகைப் படகு ஓட்டுகிறவள் அவள். அவளை ஏமாற்றிய மீன் உண்டு, மனுஷன் குறைவு. தன் மகள் திங்கட்கிழமை அவனோடு போனால் அடுத்த தடவை சவப்பெட்டியில்தான் திரும்பி வருவாள் என்பது அவளுக்குப் பட்டப்பகல் போலத் தெரிந்தது.

கோல்பி தன் கோலைக் கொண்டுவந்திருந்தான். இறகு மாதிரி லேசானது, பச்சை நூல் சுற்றியது. போன வருஷம் அதை வைத்து அவன் மீன் பிடித்ததை டெல்ஃபினா பார்த்திருக்கிறாள். தூண்டில் பாறையில் மாட்டியபோதெல்லாம் அவன் நூலை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி வெடுக்கென்று இழுத்து அறுத்துவிடுவான். கையுறை இருந்தால் நூல் ஒன்றும் செய்யாது.

"இன்னைக்கு அது வேலைக்கு ஆகாது," என்றாள். "அமாவாசை நீரோட்டம். நூல் மேலயே மிதக்கும், மீன் இருக்கிறது கீழ. கம்பிக் கோல் எடுத்துக்க."

அதில் பொய் ஒன்றும் இல்லை. அன்றைய நீரோட்டத்துக்குத் துறையில் எந்தக் கேப்டனும் நூலுக்குப் பதில் கம்பிதான் போடுவான். நூறடி கம்பி விட்டால் தூண்டில் பத்தடி இறங்கும், அதுதான் கணக்கு. எவ்வளவு விட்டோம் என்று தெரிய நூற்றைம்பதாவது அடியில் மஞ்சள் நாடா, இருநூறில் சிவப்பு.

பொய் அதற்கு அடுத்த வேலையில் இருந்தது. கம்பியின் நுனியில் பதினைந்தடிக்குத் தங்கூசி நரம்பு கட்டுவார்கள். கம்பியைவிட அது வலுக் குறைந்ததாக இருக்க வேண்டும். பாறையில் மாட்டினால் நரம்பு அறுந்து கம்பி தப்பும், கம்பியைப் பிடித்திருப்பவனும் தப்புவான். டெல்ஃபினா அந்த நரம்பு இருந்த மேல் டப்பாவைத் திறக்கவில்லை. அடியில் கிடந்த, சுறா பிடிக்கிற நரம்பை எடுத்தாள். கம்பியைப் போல மூன்று மடங்கு தாங்கும். அதில் ஈயத்தலையும் வெள்ளை மயிரும் வைத்த போலி மீனைக் கட்டி, முடிச்சை எச்சில் தொட்டு இறுக்கினாள். முடிச்சு ஒரே தடவையில் விழுந்தது. அது அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

இனேஸ் வருவாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கோல்பிதான் வரச் சொல்லியிருந்தான். கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருஷம் அம்மாவின் படகில் வேலை செய்தவள் ஆயிற்றே, மீனைத் தூக்க ஒரு ஆள் வேண்டுமாம்.

"நீ எதுக்குடி வந்த? வீட்டுல படுத்திருக்க வேண்டியதுதானே," என்றாள் டெல்ஃபினா.

"வரச் சொன்னார்," என்றாள் இனேஸ் பல்லிடுக்கில்.

ஏறியதும் பழக்க தோஷத்தில் கோலை எடுத்து முடிச்சைப் பார்த்தாள். நரம்பை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினாள். விரல் நின்றது. அம்மாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கோலை அதன் இடத்திலேயே திருப்பி வைத்தாள்.

கயிறு அவிழ்ப்பதற்கு முன்னால் எல்லா வாடிக்கையாளர்களிடமும் டெல்ஃபினா சொல்கிற ஒரு வாக்கியம் உண்டு. டாக்டராக இருந்தாலும் பாதிரியாராக இருந்தாலும் அதைச் சொல்லாமல் துறையை விட்டுக் கிளம்பமாட்டாள். "கம்பிய எந்தக் காரணத்துக்கும் கையில சுத்தக்கூடாது. மாட்டிச்சுன்னா என்னைக் கூப்பிடுங்க." இனேஸ் ஆறு வயசில் மனப்பாடம் செய்தது அதைத்தான். அன்றைக்கு டெல்ஃபினா அதைச் சொல்லாமலே கயிற்றை அவிழ்த்தாள்.

தாய்ப்பன்றியும் குட்டிகளும் என்று பேர், அவர்கள் போய்ச் சேர்ந்த பாறைகளுக்கு. நீர் வற்றும் நேரத்தில் மொத்தக் கடலும் அவற்றின் மேல் ஏறி இறங்கிக் கொதிக்கும். டெல்ஃபினா படகின் மூக்கை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, எஞ்சினைக் கியரிலேயே விட்டு, படகை ஒரே இடத்தில் நிறுத்திப் பிடித்தாள். கோல்பி பின்பக்கம் நின்று கம்பியை விட்டான்.

"மஞ்சள் வந்துடுச்சு மாமியாரே! நிறுத்தவா?"

மஞ்சளில் நிறுத்தினால் தூண்டில் பாறைக்கு மேலே தப்பி ஓடும். அங்கே எல்லோரும் மஞ்சளில்தான் நிறுத்துவார்கள்.

"சிவப்பு வரைக்கும் விடு," என்றாள்.

அவன் விட்டான். கோலை மேலும் கீழும் வெட்டிவெட்டி ஆட்டினான். நன்றாகவே ஆட்டினான், பாவி. நடுவில் பையைத் திறந்து லிங்குயிசா இறைச்சி வைத்த ரொட்டியைக் கடித்தான். இனேஸுக்குக் காபிப் பாலில் உறிஞ்சுகுழல் போட்டு நீட்டி, "குடி செல்லம், ஒடம்பு தேற வேண்டாமா?" என்றான். காற்றில் அவள் முகத்தில் விழுந்த முடியைக்கூட ஒதுக்கிவிட்டான்.

டெல்ஃபினாவின் மனசு அந்த நேரத்தில் கொஞ்சம் இளகியது. இவனும் யாரோ பெற்ற பிள்ளைதானே, நான் என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தாள். இப்போது சொல்லிவிட்டால்கூடப் போதும். ஒரே வாக்கியம்.

அவள் வாயைத் திறப்பதற்குள் கோல் வளைந்தது.

ரீல் கதறியது. கோல்பி காலை விரித்து ஊன்றிக்கொண்டு ஆவேசமாகச் சுற்றினான். பத்து நிமிஷப் போராட்டம். இனேஸ் குனிந்து கீழ்த்தாடையைப் பிடித்து மீனை உள்ளே தூக்கிப் போட்டாள். வெள்ளி உடம்பில் ஏழெட்டுக் கறுப்புக் கோடுகள், நாற்பத்திரண்டு அங்குலம், முட்டைக்காரி.

"திருப்பி விடணும். அளவுக்கு மேல பெருசு," என்றாள் இனேஸ்.

"யாரு பாக்கப் போறா?"

"சட்டம் கோல்பி. அம்மா லைசென்ஸ் போயிடும்."

அவள் மீனை விளிம்புக்குத் தூக்கினாள். கோல்பி அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். முதுகு பெட்டியில் மோத அவள் உட்கார்ந்துவிட்டாள். அவன் மீன் அடிக்கிற கட்டையை எடுத்தான். முதல் அடியில் மீன் விறைத்தது. இரண்டாவதில் கண் வெளியே வந்தது. மூன்றாவதிலேயே செத்துவிட்டது. அவன் நிறுத்தவில்லை. நான்கு, ஐந்து, ஆறு. தலை கூழாகிப் படகின் வெள்ளைத் தளமெல்லாம் ரத்தம் தெறித்தது. இனேஸின் மூக்கிலும் ஒரு துளி. அடிக்கிற நேரம் முழுக்க அவன் மீனைப் பார்க்கவில்லை, பெண்டாட்டியைப் பார்த்தே அடித்தான்.

பிறகு கட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். "பாத்தீங்களா மாமியாரே? உங்க பொண்ணு மாதிரிதான். கொஞ்ச நேரம் துள்ளும். அப்புறம் சொன்ன பேச்சு கேக்கும்."

சொல்ல வந்த அந்த வாக்கியத்தை டெல்ஃபினா விழுங்கிக்கொண்டாள். அது போன இடம் தெரியவில்லை.

"இன்னொண்ணு போடு. சிவப்பு வரைக்கும்," என்றாள்.

மூன்றாவது ஆட்டலிலேயே தூண்டில் பாறையில் மாட்டியது. கோல்பி அதை மீன் என்று நினைத்து இழுத்தான். கோல் வில்லாக வளைந்தது, கம்பி விண்ணென்று பாடியது. எந்தக் கேப்டனும் அந்தச் சத்தத்துக்கு உடனே படகைப் பின்னால் விட்டுக் கம்பியைத் தளர்த்துவான். டெல்ஃபினா எஞ்சின் லிவர் மேல் கையை வைத்தபடியே இருந்தாள்.

"சனியன், பாறை!" கோல்பி ரீலின் பிரேக்கை முழுக்க இறுக்கிக் கோலைத் தாங்கியில் செருகினான். ஒரு அலை தாழ்ந்து கம்பி தொய்ந்தது. கையுறை போட்ட வலது கையால் அதை எட்டிப் பிடித்தான். "வழுக்குது... இதை எப்படி அறுக்கிறது?"

கேட்டுவிட்டான். கேட்கிறவனுக்குச் சொல்லாமல் இருப்பது வேறு, தானாகச் செய்கிறவனைப் பார்த்துக்கொண்டு நிற்பது வேறு. டெல்ஃபினாவால் முடியவில்லை. ராத்திரி முழுக்க முடியும் முடியும் என்றிருந்தது. அந்தக் கையைப் பார்த்தபோது அது வெறும் கையாகத் தெரிந்தது, கையுறைக்குள்ளே நகமும் மயிருமாக, மோதிரமும் போட்டுக்கொண்டு. அவள் திரும்பி வாயைத் திறந்தாள்.

"கையில ரெண்டு சுத்து சுத்திக்கோ," என்றது ஒரு குரல். "அப்பத்தான் வழுக்காது."

இனேஸ். பல் கட்டிய வாயிலிருந்து, தெளிவாக, நிதானமாக, வாடிக்கையாளருக்கு வழி சொல்கிறவள் மாதிரி.

கோல்பி சுற்றினான். இரண்டு சுற்று.

டெல்ஃபினா மகளைப் பார்த்தாள். மகள் அம்மாவைப் பார்த்தாள். நரம்பை உருட்டிப் பார்த்த அந்த நிமிஷத்திலேயே இவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பது டெல்ஃபினாவுக்கு இப்போதுதான் உறைத்தது. இந்தப் பாவத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்ளத்தான் அவள் இரவெல்லாம் தயாராகியிருந்தாள். மகள் முந்திக்கொண்டாள். அடுத்த அலை இதோ படகைத் தூக்கப் போகிறது. தூக்கினால் காரியம் தானாக முடியும். முடிந்தபின் அந்த வார்த்தைகளை இனேஸ் சாகும்வரை தனியாகச் சுமப்பாள்.

தனியாக விடமாட்டேன் என்று டெல்ஃபினா நினைத்தாள். லிவரை முன்னால் தள்ளினாள்.

எஞ்சின் உறுமியது. படகு பாய்ந்தது. கம்பி ஒரே ஒரு தடவை டக்கென்றது, கோழிக்கால் எலும்பு முறிகிற சத்தம். சுண்டுவிரலும் மோதிர விரலும் கையுறையின் துண்டோடு தளத்தில் விழுந்தன. நடுவிரல் தோலில் தொங்கியது. கோல்பி முதலில் கத்தவில்லை, அதிசயமாகப் பார்த்தான். பிறகு கத்தினான். கம்பி உள்ளங்கையில் எலும்புவரை இறங்கி அவனை விளிம்புக்கு இழுத்துக்கொண்டு போனது. வயிறு விளிம்பில் மோதியது, முழங்கால் தளத்தைவிட்டு எழும்பியது.

"வெட்டு! இனேஸ்! வெட்டுடி!"

டெல்ஃபினா லிவரைப் பின்னுக்கு இழுத்தாள். ஆனால் பாய்ந்த படகு சொன்னவுடன் நிற்காது. இனேஸ் கழுத்திலிருந்த குறடைக் கையில் எடுத்தாள். எடுத்து ஒரு மூச்சு நேரம் சும்மா நின்றாள். அந்த ஒரு மூச்சில் கோல்பி அவள் முகத்தைப் பார்த்துக் கத்துவதை நிறுத்தினான். மூன்று வருஷக் கல்யாணத்தில் முதல் தடவையாக அவளைப் பார்த்து அவன் பயந்தான்.

பிறகு அவள் வெட்டினாள். அவன் பின்னால் விழுந்து, தான் அடித்த மீனின் மேலேயே கிடந்தான். இனேஸ் தன் பெல்ட்டை உருவி அவன் மணிக்கட்டுக்கு மேல் கட்டி இறுக்கினாள், விரல்களை ஐஸ் பெட்டியில் ஒரு பையில் போட்டாள். எட்டு வருஷப் பழக்கம் அவள் கையை விட்டுப் போகவில்லை.

"இவதான்! இவதான் சுத்தச் சொன்னா!" கோல்பி அழுதான், மூக்கும் வாயும் ஒழுக. "போலீஸ்ல சொல்லுவேன்! உன்னை உள்ள தள்ளாம விடமாட்டேன்டி!"

இனேஸ் ரேடியோவை நோக்கிப் போனாள். "அம்மா, நான் சொல்லிடறேன். நான்தான்..."

"தள்ளுடி." டெல்ஃபினா அவள் கையிலிருந்து ரேடியோவைப் பிடுங்கினாள். "நீ ஒண்ணும் சொல்லல. எனக்கு எதுவும் கேக்கல."

கடலோரக் காவல்படைக்காரன் குரல் கரகரத்தது. எங்கே, எத்தனை பேர், என்ன காயம் என்று வரிசையாகக் கேட்டான். டெல்ஃபினா வரிசையாகச் சொன்னாள். கடைசியில், எப்படி நடந்தது கேப்டன், என்று கேட்டான்.

"கம்பிய கையில சுத்தினான். நான் படகை முன்னால தள்ளினேன். தெரிஞ்சேதான் தள்ளினேன். நரம்பும் தப்பான நரம்பு, நான் கட்டினதுதான். எல்லாத்தையும் எழுதிக்கங்க."

அந்தக் குரலுக்குரியவன் துறைக்காரன், சின்ன வயசில் அவள் படகில் வந்தவன்.

"டெல்ஃபினாக்கா," என்றான் மெதுவாக. "நீங்க எல்லாருக்கும் சொல்லுவீங்களே. இவர்கிட்ட சொல்லலையா?"

டெல்ஃபினா திரும்பிப் பார்த்தாள். இனேஸ் ரத்தத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, பல் கட்டிய வாயால் அழ முடியாமல் மூக்கால் அழுதுகொண்டிருந்தாள்.

"இல்லப்பா," என்றாள் டெல்ஃபினா. "இவன் ஒருத்தன்கிட்ட மட்டும் சொல்லல."