மாடியின் கைப்பிடிச் சுவர்

கல்முனையின் புதிய கலையரங்கு திறக்கும் நாளில் சுஹறாவின் நாடகம் மேடையேற இருந்தது. பாடசாலையில் படிப்பித்துக்கொண்டே பல வருடங்களாக வானொலிக்கு எழுதியவர் அவர். தான் எழுதிய மனிதர்கள் நடமாடுவதை ஒரு தடவைகூடக் கண்டதில்லை. ஒத்திகைகள் பாண்டிருப்பில் நடந்தபோதும் போகக் கிடைக்கவில்லை.

அரங்கை வரைந்தவர் அவருடைய தம்பி முர்ஷித். இருக்கைகள் சரிவாக ஏற வேண்டும் என்று அவர் கேட்டார். கல்யாணத்துக்குப் பாய் விரித்து, சேர்ந்துண்ணும் சஹன் தட்டுகள் வைக்க வேண்டுமே என்று கட்டடக் குழு தரையைச் சமமாக்கியது. பெண்களுக்கு மாடி. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தாலும் அவர்கள் தெரியாதபடி கைப்பிடிச் சுவரை உயர்த்தச் சொன்னார்கள். உயர்த்திக் கொடுத்தார்.

திறப்பு விழாவன்று பிற்பகல், சனம் வருமுன், சுஹறா மாடியின் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். மேடையின் முன்விளிம்பில் நடிகர் குணம் வசனம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். குரல் கேட்டது, ஆளைக் காணவில்லை. மேடையின் பின்பாதியும் நீலத் திரையும் மட்டுமே தெரிந்தன.

“தம்பி, இஞ்ச வந்து இரி.”

முர்ஷித் பக்கத்தில் அமர்ந்தார். முன்னாலிருந்த கைப்பிடிச் சுவர் மேடையின் முன்பாதியை மறைத்தது.

“கீழ இருந்து மேல பார்க்கிற கோட்டத்தான் கீறினன் ராத்தா. மேல இருந்து கீழ பார்க்கிறதக் கீறல்ல.”

“பெரிய ரேடியோ ஒண்டு கட்டித் தந்திரிக்காய்.”

“எழும்பி நிண்டாத் தெரியும்.”

“பின்னால இரிக்கிற ஆக்களுக்கு?”

“கீழ ஒரு கதிரை போடுறன். எழுதின ஆள்தானே, ஒருத்தரும் ஒண்டும் கதைக்க மாட்டாங்க.”

“இவ்வளவு பொம்புளையளும் சுவரப் பார்த்துக்கிட்டு இரிக்க, நான் மட்டும் கீழ போய் நாடகம் பார்க்கவா? போடா.”

கீழேயிருந்து குணம் கேட்டார்: “என்ன டீச்சர், பிழையா?”

“பிழையில்ல குணம். நல்லாக் கேக்குது.”

முர்ஷித் இறங்கிப் போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னார். விளக்குகளெல்லாம் முன்விளிம்பைப் பார்த்துக் கட்டியாயிற்று. மாற்ற நேரமில்லை.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு நாடகம் தொடங்கியது. கீழே சிரிப்பு எழும்போதெல்லாம் மாடியில் பெண்கள் என்னவென்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடலுக்குப் போன மகனைத் தகப்பன் கூப்பிடுவது கடைசிக் காட்சி. குணம் பின்பக்கமாகவே நடந்தார். ஒளியைத் தாண்டி நீலத் திரைவரை போய் நின்றார்.

“வெளிச்சத்துக்குள்ள வா மச்சான்,” என்று கீழே யாரோ கத்தினார்.

“பாடம் மறந்திட்டுப் போல,” என்றார் இன்னொருவர்.

குணம் அசையவில்லை. இருட்டில் நின்றபடியே மாடியை நோக்கி மகனை அழைத்தார். சுஹறாவுக்கு முகம் தெரியவில்லை. தோளும் நீட்டிய கையும் தெரிந்தன. கை வெறுங்காற்றைப் பிடித்து மெல்ல மூடியது. அதை அவர் எழுதியிருக்கவில்லை.