கத்தரிச்சாச்சு

பல் டாக்டர் வீட்டு அழைப்புமணியை அழுத்திவிட்டுத் தையலக்கா சுவரில் கைவைத்து மூச்சு வாங்கினாள். நான்காவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு இத்தனை வருடம் குப்பை கொட்டியும், போகிற இடத்திலெல்லாம் படியேறுகிற ராசிதான் அவளுக்கு வாய்த்திருந்தது.

திரைச்சீலைக் கடையில் தைப்பவள் என்பதால் அந்தப் பெயர். கடை முதலாளியில் தொடங்கித் தெருக்காரர்கள் வரைக்கும் எல்லோருக்கும் அவள் தையலக்காதான். ஊருக்குப் போகிறவர்களின் நாயையும் பூனையையும் பார்த்துக்கொள்கிற வேலையும் அவளுக்கு உண்டு. அவளும் கணவரும் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் பல்லியைக்கூட முறைத்துப் பார்ப்பவர். சொந்தமாக ஒன்றை வளர்க்க வழியில்லை. "ஊர் நாய்க்கெல்லாம் நீதான் பெரியம்மா" என்று கணவர் கிண்டலடிப்பார். எந்த நாய்க்கும் அம்மா என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் கவனம் அவருக்கு இருந்தது.

கதவு திறந்தது. டாக்டர் வாய் திறப்பதற்குள் அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு பழுப்பு நாய் எட்டிப் பார்த்தது. மார்பில் மட்டும் வெள்ளை. குரைக்கவில்லை. தையலக்காவின் செருப்பை முகர்ந்தது. தோளில் தொங்கிய துணிப்பைக்குள் மூக்கை நுழைத்து நெடுநேரம் அப்படியே நின்றது. பிறகு திரும்பி, முதுகை அவள் காலில் சாய்த்து, பாதத்தின்மேல் உட்கார்ந்துகொண்டது.

"அதிசயமா இருக்கே" என்றார் டாக்டர். "புது ஆளைக் கண்டா கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குவான். டேய் கேப்டன், அக்காவை உள்ள வர விடுடா."

அவளால் காலை எடுக்க முடியவில்லை. அந்தக் கனம் அவளுக்குத் தெரிந்த கனம். நாயின் இடது தொடையில் விரல்நுனி அளவுக்கு முடி முளைக்காமல் இருந்த வழுக்கையைப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. இது நூல்கண்டு.

குட்டியாக வந்தபோது தையல் மெஷினுக்கு அடியில் உருண்டு, கால்களில் நூலைச் சுற்றிக்கொண்டு கிடந்ததால் வைத்த பெயர். மூன்று வயது வரைக்கும் அவர்கள் வீட்டில் வளர்ந்தான். மகனுக்கு வீசிங் வந்தது. நாய் முடி ஆகாது என்றார் மருத்துவர். நாய்க் காப்பகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்கள். எந்த வீட்டுக்குப் போனான் என்று சொல்ல மாட்டோம், அது விதிமுறை என்றார்கள். அடுத்த வருடமும் மகனுக்கு மூச்சு இழுத்தது. சுவரில் இறங்கிய ஈரம்தான் காரணம் என்று அப்புறம்தான் தெரிந்தது. வீடு மாறினார்கள், மூச்சு சரியானது. அந்த மகனும் இப்போது படிப்புக்காக வேறு ஊரில், விடுதியில்.

டாக்டரின் கணவர் ஒரு தணிக்கையாளர். கூடத்தில் பெட்டிகளை எடை போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படிக்கிற மகள், நீச்சல் கண்ணாடியை இப்போதே மாட்டிக்கொண்டு திரிந்தாள். ஒரு வாரம் கடலோரத்தில் ஒரு வீடு எடுத்துத் தங்கப் போகிறார்கள். தையலக்கா இங்கேயே தங்கி நாயைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

டாக்டர் நாயின் தொடையைத் தொட்டுக் காட்டினார். "இதைப் பார்த்தீங்களா அக்கா? காப்பகத்துலேருந்து கூட்டிட்டு வரும்போதே இருந்துச்சு. எந்தப் பாவியோ சூடு வெச்சிருக்கு. வாயில்லாத ஜீவன்னா என்ன வேணா பண்ணலாமா?"

"அவங்களைப் பார்த்தா நான் கடிச்சிடுவேன்" என்றாள் சிறுமி.

"கடிக்கிறதுக்கு முன்னாடி பல்லு விளக்கிட்டுப் போ. உங்கம்மா மானம் போயிடும்" என்றார் அப்பா.

தையலக்கா சிரித்து வைத்தாள். இஸ்திரிப் பெட்டியின் வயரை அவன் இழுத்ததும், பெட்டி சரிந்ததும், இரவெல்லாம் அவனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் தொண்டைவரை வந்து நின்றன.

"இன்னொண்ணு. இதுதான் பெரிய ரோதனை" என்றார் டாக்டர். "சாப்பாடு வெச்சா சாப்பிட மாட்டான். கிண்ணத்துக்கு முன்னாடி உக்காந்து நம்ம மூஞ்சியையே பார்ப்பான். சாப்பிடுன்னாலும் கேக்க மாட்டான், எடுத்துக்கோன்னாலும் கேக்க மாட்டான். பழக்குறதுக்கு ஒருத்தரை வரவழைச்சோம், அவரும் கையை விரிச்சிட்டாரு. கிண்ணத்தை வெச்சிட்டு நீங்க போயிடுங்க. எப்பவாவது மெதுவா, ஆறிப் போனப்புறம் சாப்பிடுவான்."

"தலைமையுரை முடியாம பந்தியில கை வைக்க மாட்டாரு எங்க கேப்டன்" என்றார் தணிக்கையாளர். பலமுறை சொல்லிப் பழகிய நகைச்சுவை என்பது மகள் கண்ணை உருட்டியதில் தெரிந்தது.

தையலக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். படியேறி வந்தது என்றாள்.

அது அவள் பழக்கியதுகூட இல்லை, தானாகப் படிந்தது. அப்போதெல்லாம் வீட்டிலேயே தைத்தாள். கிண்ணத்தை வைத்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் தையலை முடிக்க உட்காருவாள். குட்டி பெடலில் காலை வைத்து இழுக்கும். இருடா, இருடா என்பாள். கடைசியில் நூலை வெட்டி, "கத்தரிச்சாச்சு" என்று எழுந்திருப்பாள். பிறகு இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். நாளாக ஆக, அந்தச் சொல் காதில் விழாமல் அவன் கிண்ணத்தில் வாய் வைப்பதில்லை. காப்பகத்தில் என்னென்னவோ கேட்டார்கள், எல்லாம் சொன்னாள். இதைச் சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை. சொல்ல வேண்டிய ஒன்று என்றே அவள் நினைத்திருக்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் அவன் அதற்காகக் காத்திருந்திருக்கிறான்.

துணிமணி எடுத்துவர வீட்டுக்குப் போனபோது கணவரிடம் சொன்னாள். அவர் ஏதோ சுவிட்சைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நிச்சயமா தெரியுமா? பழுப்பு நாய் ஊர்ல ஒண்ணா ரெண்டா?"

"கால்மேல உக்காந்துச்சுங்க."

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "அவங்ககிட்ட சொன்னியா?"

"சூடு வெச்ச பாவின்னு திட்டிட்டு இருக்காங்க. அந்தப் பாவி நான்தாங்கன்னு எந்திரிச்சு நிக்கவா?"

அவள் பைக்குள் துணியைத் திணித்தபடி, பார்க்காமலே கேட்டாள். "வேற வீடு பார்க்கலாமாங்க? நாய் வெச்சுக்க விடுற வீடா?"

"வீடு பார்க்கலாம். அவங்க நாயை எப்படிம்மா கேக்குறது? கையெழுத்துப் போட்டது நாமதானே." ஸ்க்ரூ டிரைவரை மறுபடி எடுத்தபடி, "நல்லா இருக்கானா?" என்றார்.

"குண்டாயிட்டான்."

"உன்னை மாதிரி."

"உங்களை மாதிரி."

டாக்டர் வீட்டில் முதல் நாள் அவள் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவில்லை. சொல்லிவிட்டால் இந்த ஒரு வாரம் ஆசை தீரச் சாப்பிடுவான். அதற்கப்புறம் காத்திருப்பது இன்னும் கொடுமையாகிவிடும் என்று பட்டது. கிண்ணத்தை வைத்தாள். அவன் உட்கார்ந்தான். அவளைப் பார்த்தான். வாலின் நுனி மட்டும் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தது. அவள் கூடத்துக்கு ஓடி, ஜன்னலோரம் நின்றுகொண்டாள். டாக்டர் வீட்டுத் திரைச்சீலையில் அடிமடிப்பு கோணலாகத் தைத்திருப்பது கண்ணில் பட்டது. எந்தக் கடையில் தைத்தார்களோ. வெகுநேரம் கழித்துத்தான் சமையலறையில் கிண்ணம் லேசாக அசையும் சத்தம் கேட்டது.

மறுநாள் கடையிலிருந்து கொண்டு வந்திருந்த துணியை எடுத்துக்கொண்டு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்தாள். கையால் ஓரம் அடிக்க வேண்டிய மெல்லிய துணி. நாய் வந்து துணியின்மேல் முகவாயை வைத்துப் படுத்தது. முடி ஒட்டும், முதலாளி திட்டுவார். விட்டுவிட்டாள். மாலை வெயில் அடுப்பு மேடையிலிருந்து இறங்கி, தரையில் நீண்டு, வாசல் வரைக்கும் போனது. கிண்ணத்தில் சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டு, மிச்சமிருந்த ஒரு முழத்தையும் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். முடிச்சுப் போட்டாள். கத்தரிக்கோலை எடுத்தாள். நூல் அறுந்த சத்தம் கேட்டதும் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"கத்தரிச்சாச்சு."

அவன் உடனே பாயவில்லை. காதுகள் இரண்டும் எழுந்தன. அவளைப் பார்த்தான், சரியாகத்தான் கேட்டோமா என்பது போல. பிறகு எழுந்து போய், கிண்ணத்தில் முகத்தைப் புதைத்தான். கிண்ணம் தரையில் சறுக்கியது. அவன் துரத்தினான். அது மறுபடி சறுக்கியது. சுவரில் போய் டங்கென்று முட்டி நின்றது. பழைய வீட்டுச் சமையலறைச் சுவரில் தரையோரமாக, அந்த முட்டலால் வண்ணம் பெயர்ந்த ஓர் இடம் இருந்தது. வீட்டைக் காலி செய்கிற அன்று அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அவள் வெளியே வந்தாள். இப்போது ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தால் ஊசி கையில்தான் ஏறும் என்பது அவளுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு எல்லா வேளையும் சொன்னாள். காலையில் சொல்வதற்காகவே ஒரு நூலை எடுத்து வெட்டினாள். அந்த நாட்களில் அவள் மனதுக்குள்ளே ஒரு வீடு கட்டிக்கொண்டாள்: தரைத்தளம், ஈரமில்லாத சுவர், மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய போர்வை. மகன் விடுமுறைக்கு வந்து கதவைத் திறந்து மலைத்துப்போய் நிற்பது வரைக்கும் கட்டிவிட்டாள். டாக்டரிடம் அவனைக் கேட்டுவிடலாம் என்று ஒருநாள் தோன்றும். வாயில் வரவேண்டிய வார்த்தைகளைக்கூட அடுக்கிப் பார்ப்பாள்.

பூங்காவுக்குக் கூட்டிப் போன ஒரு மாலை, யாருமில்லாத இடத்தில் வாரைக் கழற்றிவிட்டாள். அவன் புதர் ஓரமாக முகர்ந்துகொண்டே போனான். அவள் மெதுவாக, பிறகு கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"நூல்கண்டு."

அவன் திரும்பவில்லை.

"டேய், நூல்கண்டு."

ஒரு காகிதக் கோப்பையை முகர்ந்தான், தாண்டிப் போனான். பக்கத்து பெஞ்சில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த ஒருவர்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"கேப்டன்" என்றாள்.

அவன் ஓடிவந்தான்.

வாரை மாட்டும்போது கொக்கி சிக்கவில்லை. மூன்றுநான்கு தடவை முயன்று மாட்டினாள். வீடு திரும்புகிற வழியெல்லாம் அவன் முன்னால் நடந்தான், எந்தத் திருப்பத்தில் திரும்ப வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்து சேர்ந்தார்கள். மூக்கு தோலுரிந்து, பெட்டியெல்லாம் மணல். படிக்கட்டில் காலடி கேட்டபோதே நாய் கதவைப் பிராண்டத் தொடங்கியது. கதவு திறந்ததும் சிறுமியின்மேல் விழுந்தது, அவளும் தரையில் விழுந்தாள், இரண்டும் உருண்டன. அப்படி ஒரு சத்தத்தை இந்த வாரம் முழுவதும் அவன் தொண்டையிலிருந்து தையலக்கா கேட்கவில்லை. அவள் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"தொந்தரவு குடுத்தானா அக்கா? ஒழுங்கா சாப்பிட்டானா?" என்றார் டாக்டர்.

"எப்பவும் போலத்தான் டாக்டர்" என்றாள் தையலக்கா.

அவள் செருப்பை மாட்டும்போது சிறுமி கிண்ணத்தை நிரப்பிக் கொண்டுவந்து கூடத்திலேயே வைத்தாள். நாய் உட்கார்ந்தது. சிறுமி எதிரில் சம்மணம் போட்டுக்கொண்டாள். "சாப்பிடுடா கேப்டன். உனக்குச் சிப்பி கொண்டாந்திருக்கேன். சாப்பிட்டாத்தான் காட்டுவேன். ப்ளீஸ்டா."

நாய் சிறுமியைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, வாசலில் நிற்கிறவளைப் பார்த்தது.

"அவனுக்கு என்மேல பாசமே இல்லப்பா" என்றாள் சிறுமி. சொல்லிச் சொல்லி அலுத்துப்போன குரல்.

"தலைமையுரை..." என்று தணிக்கையாளர் தொடங்கினார்.

தையலக்கா செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்து சிறுமிக்குப் பக்கத்தில் குனிந்தாள். "பாப்பா, 'கத்தரிச்சாச்சு'ன்னு சொல்லு."

"என்னது?"

"சொல்லிப் பாரேன்."

"கத்தரிச்சாச்சு" என்றாள் சிறுமி.

காதுகள் எழுந்தன. நாய் தையலக்காவைப் பார்த்தது, சிறுமியைப் பார்த்தது. தையலக்கா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். கிண்ணம் தரையில் சறுக்கத் தொடங்கியது. நாற்காலிக்கு அடியில் புகுந்து, வெளியே வந்து, பெட்டியில் முட்டி நின்றது.

"உங்களுக்கு எப்படி..." என்றார் டாக்டர். கேள்வியை முடிப்பதற்குள் அவருடைய கண் நாயின் தொடைக்குப் போய்விட்டது.

"அது சூடு இல்ல டாக்டர்" என்றாள் தையலக்கா. "இஸ்திரிப் பெட்டி வயரை இழுத்துட்டான். நான் அந்தாண்ட திரும்பியிருந்தேன். பையனுக்கு மூச்சு முட்டுச்சுன்னு கொண்டுபோய் விட்டோம். இந்த வார்த்தையை மட்டும் அங்க சொல்ல மறந்துட்டேன்."

டாக்டர் கையை அவள் தோளில் வைத்தார். கேட்க நினைத்த வார்த்தைகள் தையலக்காவின் வாய்க்குள் அடுக்கி வைத்தபடியே இருந்தன. சிறுமி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கடித்துவிடுவதாகச் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் அப்படிச் சிவந்தது.

"ஆன்ட்டி, நீங்க இல்லாதப்பவும் நான் சொன்னா கேப்பானா?"

"கேப்பான். இனிமே நீதான் சொல்லணும்."

"தினமுமா?"

"ஒரு வேளைகூட விடாம."

டாக்டர் எப்போது வேண்டுமானாலும் வந்து பாருங்கள் அக்கா என்றார். வருகிறேன் என்றாள். வரமாட்டாள் என்பது இருவருக்கும் தெரியாமல் இல்லை.

லிஃப்ட் இன்னும் வேலை செய்யவில்லை. ஒரு மாடி இறங்கியிருப்பாள், மேலே திறந்திருந்த கதவு வழியாகச் சிறுமியின் குரல் கேட்டது. "கத்தரிச்சாச்சு. கேப்டன், கத்தரிச்சாச்சு." கொஞ்சம் இடைவெளி. மறுபடி, "கத்தரிச்சாச்சு."

"போதும்டி, கிண்ணத்துல ஒண்ணுமே இல்ல" என்றார் டாக்டர்.

"சும்மா சொல்லிப் பார்க்குறேன்மா."

தையலக்கா கைப்பிடியைப் பிடித்தபடி படித்திருப்பத்தில் நின்றாள். காலிக் கிண்ணம் எங்கோ முட்டியது. யாரோ கதவைச் சாத்துகிற வரைக்கும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.